வீரம், போர், விமர்சனம் பற்றிய நயமான வாக்குகள்

கெடிலக்கரை வாசகர், கடலூர்:
அனைவருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்தில் மாணவர்களிடையே வீரம், போர், விமர்சனம், மனிதக் குறைகள் பற்றிப் பேசவிருக்கிறேன். அறிவுரையாக ஒலிக்காமல், முதலில் புன்னகையையும் பிறகு யோசனையையும் தருகிற தமிழ் வாக்குகளைச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
புறநானூற்றின் 95ஆம் பாடலைத் தவறவிடாதீர்கள், ஐயா. அதியமானின் தூதராக வந்த ஔவையாரிடம் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, அவர் "இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவலோடு இருக்கின்றன, எம் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறிய உலைக்களத்தில் கிடக்கின்றன" என்ற பொருளில் பாடினார். புகழ்வதுபோல் தொடங்கி, போர் அறியாதவன் என்று அவன் முகத்துக்கு நேரே உணர்த்திய அந்தத் துணிவு, எனக்குப் போர்க்களத்து வீரத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

திருப்பாதிரிப்புலியூர் அன்பர்:
விமர்சனத்துக்குக் குறள் 448 போதும்: "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானுங் கெடும்." தவறை இடித்துரைப்பவர் இல்லாத, காவலற்ற மன்னன், கெடுப்பவர் யாரும் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்பது பொருள். பகைவனே தேவையில்லை என்கிற அந்த இறுதி அடிதான் அதன் கூர்மை. மனிதக் குறைக்கு, "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்ற பழமொழி மாணவர்களுக்கு உடனே விளங்கும்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
அந்தப் பழமொழியோடு நின்றுவிட்டால் அடுத்தவரைக் கேலி செய்யவே அவர்கள் அதைப் பயன்படுத்துவார்கள் என்று அஞ்சுகிறேன். பிறர் குற்றத்தைக் காண்பதுபோல் தம் குற்றத்தையும் காணச் சொல்லும் குறள் 190ஐ உடன் சேர்த்துச் சொல்லுங்கள்.