புதுப்பிப்பு: 3 வயது மகனின் மலச்சிக்கல், எங்களுக்கு எது பலித்தது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: 3 வயது மகன், நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் போகிறான், கல் மாதிரி, ஒவ்வொரு தடவையும் அழுகை. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாளாவது அழாமல் போகிறான்.

“பாலைக் குறையுங்கள்” என்ற அக்காதான் சரியாகப் பிடித்தார். கோத்தகிரிக் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று 200 மில்லி டம்ளரில் நாளுக்கு நாலு கொடுத்துக்கொண்டிருந்தோம். வயிறு அதிலேயே நிரம்பி, சோறும் காயும் இறங்கவில்லை. இரண்டாகக் குறைத்ததும் தானாகப் பசித்தது. பேரிக்காயைத் தோலோடு தருகிறோம். காலைச் சாப்பாடு முடிந்ததும் காலுக்கடியில் முக்காலி போட்டு 5 நிமிடம் உட்காரவைக்கும் யோசனையும் உதவியது. வாழைப்பழம் மட்டும் எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை.

எதிர்பாராதது இரண்டு. நடுவில் ஜட்டியில் நீர்போலக் கசிந்தது. வயிற்றுப்போக்கு என்றே நினைத்துவிட்டோம். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, உள்ளே இறுகிக் கிடக்கும் மலத்தைச் சுற்றி வழிவதுதான் அது என்றார். மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் பவுடர் எழுதிக்கொடுத்தார். சரியானதும் சட்டென நிறுத்தாமல் மெதுவாகத்தான் குறைக்க வேண்டுமாம், அதனால் இன்னும் தொடர்கிறது.

அப்புறம், கழுவும் தண்ணீர்! ஐஸ் மாதிரி இருக்கும் அதற்குப் பயந்தே பையன் அடக்கியிருக்கிறான். இதைக் கண்டுபிடித்தது என் மாமியார். இப்போது வெந்நீர் கலந்து ஒரு வாளி தயாராக வைத்துவிடுகிறோம்.