மொருலாவிலிருந்து பிளாஸ்டோசிஸ்ட்: விளக்க உதவி தேவை

வணக்கம். கருவுற்ற பின் வரும் முதல் வாரத்தைப் பற்றி மாணவர்களுக்காகக் குறிப்பு எழுதி வருகிறேன். ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கருமுட்டையின் முதல் பிளவுக்கே ஒரு நாளுக்கு மேல் ஆவதையும், வெளியுறை விரியாததால் செல்கள் பெருகப் பெருக ஒவ்வொன்றும் சிறுத்துக்கொண்டே போவதையும் எழுதிவிட்டேன். ஆனால் மொருலா எனும் திரண்ட செல் உருண்டை, உள்ளே குழியுள்ள பிளாஸ்டோசிஸ்டாக மாறும்போது, அதன் வெளிப்புறச் செல்கள் நஞ்சுக்கொடிக்கும் உட்புறச் செல்கள் கருவுக்கும் எனப் பிரியும் இடத்தில் எழுத்து நின்றுவிட்டது. செல் இருக்கும் இடமே அதன் போக்கைத் தீர்மானிக்கிறது என்று ஒரே வரியில் முடிக்க (பல குறிப்புகள் அப்படித்தான் முடிக்கின்றன) எனக்கு மனமில்லை. வெளிச்செல்லுக்கு மட்டும் ஒரு முகம் திறந்திருப்பதால் விளையும் மாற்றத்தை எளிமையாக விளக்கும் முறையையும், டிரோஃபோபிளாஸ்ட் (அந்த வெளிச்செல் அடுக்கு) என்பதற்கு வகுப்பில் நீங்கள் பயன்படுத்தும் தமிழ்ச் சொல்லையும், கருவியல் கற்பித்தவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.