தினமும் தண்ணீர் விட்டும் புல்தரை திட்டுத்திட்டாகக் காய்கிறது, என்ன காரணம்?

கேள்வி: புதுப்புல்

பெர்முடா புல்தரை, சுமார் 100 சதுர மீட்டர். களிமண் பாங்கான மண், நாள் முழுக்க வெயில். தினமும் சாயங்காலம் ஸ்பிரிங்க்ளர் 10 நிமிஷம் ஓடுகிறது. வாரம் ஒருமுறை 2 செ.மீ. உயரத்துக்கு ஒட்ட வெட்டுகிறோம். போன மாதம் யூரியாவும் தூவியாயிற்று. வெயில் 40 டிகிரியைத் தாண்டியதும் நடுவே மூன்று இடத்தில் வைக்கோல் நிறமாகிவிட்டது. நேரத்தை 20 நிமிஷமாகக் கூட்டலாமா? தண்ணீர்த் தட்டுப்பாடு வேறு இருக்கிறது.

பதில்: வேர்க்கணக்கு

கூட்டாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். பத்து நிமிஷம் என்பது அளவே இல்லை. ஒரே மாதிரி தட்டையான அடியுள்ள ஆறு காலி டின்களைத் தரையில் பரவலாக வையுங்கள். இரண்டு டின் காய்ந்த திட்டுகளிலேயே இருக்கட்டும். ஸ்பிரிங்க்ளரை 15 நிமிஷம் ஓடவிட்டு, ஒவ்வொரு டின்னிலும் எத்தனை மி.மீ. நிற்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

உதாரணத்துக்கு 4 மி.மீ. நின்றால், நீங்கள் தினமும் விடுவது 3 மி.மீ.கூட இல்லை. அது மேல்மண்ணை நனைப்பதோடு சரி, மறுநாள் வெயிலுக்கு ஆவியாகிவிடும். கீழே ஈரம் இல்லாததால் வேரும் கீழே போகாது. மேலேயே படர்ந்த வேர் முதல் கடும் வெயிலிலேயே கருகும்.

கோடையில் பெர்முடாவுக்கு வாரம் 25 மி.மீ. அளவில் தொடங்கலாம். 1 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். உங்கள் தரைக்கு வாரம் 2,500 லிட்டர். இதை ஏழு நாளைக்குப் பங்கு போடாமல் இரண்டே தடவையில் கொடுங்கள். களிமண் ஒரே மூச்சில் 12 மி.மீ.யைக் குடிக்காது, வழிந்து ஓடும். அதனால் 15 நிமிஷம் ஓடவிட்டு, ஒரு மணி நேரம் நிறுத்தி, மறுபடி 15 நிமிஷம். மேலே சொன்ன கணக்குப்படி மூன்று சுற்று வரும். மறுநாள் நீள ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். 15 செ.மீ. சுலபமாக இறங்கினால் ஈரம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆனால் இன்றைக்கே தினசரித் தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள், இப்போதுள்ள குட்டை வேர் தாங்காது. இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு இடைவெளியைக் கூட்டுங்கள். நடந்தால் காலடித் தடம் நிமிராமல் அப்படியே கிடக்கிறதா, பச்சை மங்கி நீலச் சாம்பலாகத் தெரிகிறதா? அதுதான் தண்ணீர் கேட்கும் அறிகுறி. நேரம் விடியற்காலை. சாயங்காலம் விட்டால் இலை ராத்திரி முழுக்க ஈரமாக நின்று பூஞ்சைக்கு வழி விடும்.

பதில்: மழுங்கிய பிளேடு

கோடையில் 2 செ.மீ. என்பது புல்லை மொட்டையடிப்பது. வேருக்கு நிழலும் இல்லை, உணவு செய்ய இலையும் இல்லை. 4 செ.மீ.க்கு ஏற்றுங்கள். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, அதாவது 6 செ.மீ. வந்ததும் 4க்கு வெட்டலாம். வெட்டிய துணுக்கை வாராதீர்கள், அதிலேயே தழைச்சத்து திரும்பக் கிடைக்கிறது. புல் நுனியைக் கிட்டத்தில் பாருங்கள். நேர்க்கோடாக வெட்டுப்படாமல் வெள்ளையாக நார் நாராகக் கிழிந்திருந்தால் பிளேடைச் சாணை பிடிக்க வேண்டும்.

யூரியா 100 சதுர மீட்டருக்கு 1 கிலோ தாண்டக் கூடாது. அதையும் புல் நன்றாக வளரும்போது போட்டு, உடனே 5 மி.மீ. தண்ணீர் விட வேண்டும். வாடிய புல்லுக்குப் போட்டால் உரம் வேரின் ஈரத்தை இழுத்துவிடும். இப்போதைக்கு மூட்டையைக் கட்டி வையுங்கள்.

பதில்: மண்வெட்டி

மூன்று திட்டு மட்டும் காய்வதால் தண்ணீரை மட்டும் குறை சொல்ல முடியாது. திட்டின் ஓரத்தில் கைப்பிடிப் புல்லை இழுங்கள். பாய் மாதிரி உரிந்து வந்தால் வேர்ப்புழுவைச் சந்தேகப்படலாம். 30 செ.மீ. சதுரத்தை 8 செ.மீ. ஆழம் தோண்டி, வளைந்து சுருண்டு கிடக்கும் வெள்ளைப்புழுக்களை எண்ணுங்கள். இரண்டு மூன்று இருந்தால் விட்டுவிடலாம், பத்துக்கு மேல் என்றால் மருந்து வேண்டும்.

புல் உறுதியாகப் பிடித்திருந்து ஸ்க்ரூடிரைவர் மட்டும் இறங்கவில்லையா? மண் இறுகியிருக்கும், இல்லை அடியில் செங்கல், கான்கிரீட் துண்டு கிடக்கும் (கட்டட வேலை நடந்த இடங்களில் இது சகஜம்). இறுகிய மண்ணுக்குக் குழாய் முனையுள்ள கருவியால் 8 செ.மீ. துளைபோட்டு, மேலே 5 மி.மீ. சலித்த மக்கு உரம் பரப்ப வேண்டும். அதை இந்த வெயிலில் செய்யாதீர்கள், புல் தெளிந்து வளரும்போது செய்யுங்கள்.

களிமண் மேல் மணல் கொட்டச் சொல்பவர்கள் நிறையப் பேர். கேட்காதீர்கள். மெல்லிய மணல் தனி அடுக்காக நிற்கும், தண்ணீர் இறங்குவது கெடும்.

கேள்வி: புதுப்புல்

டின் வைத்துப் பார்த்தேன். 15 நிமிஷத்தில் மூன்று டின்னில் 5 மி.மீ., ஒன்றில் 6. திட்டுகளில் வைத்த இரண்டிலும் 1 மி.மீ.தான். புல் உரிந்து வரவில்லை. அப்படியென்றால் அந்தப் புல் செத்துவிட்டதா?

பதில்: வேர்க்கணக்கு

விடை டின்னிலேயே இருக்கிறது. நேரத்தை 20 நிமிஷமாக்கியிருந்தாலும் அந்த இடத்துக்கு ஒன்றரை மி.மீ.கூடப் போயிருக்காது. அந்தப் பக்கத்து நாசிலைக் கழற்றி, உள்ளே இருக்கும் சல்லடையில் அடைத்த மண்ணைக் கழுவுங்கள். ஸ்பிரிங்க்ளர் சாய்ந்திருந்தால் நிமிர்த்துங்கள். புல்லை 4 செ.மீ.க்கு உயர்த்தியபின் அது புல்லுக்குள் அமுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், பீய்ச்சும் தண்ணீர் புல்லிலேயே மோதி அங்கேயே விழும். சரிசெய்தபின் மறுபடி டின் வைத்து அளங்கள்.

செத்ததா என்று தெரிய ஒரு தண்டை அடியோடு பிடுங்கி, வேரும் இலையும் சேரும் இடத்தை நகத்தால் கீறுங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உறக்கம்தான். பழுப்பாகப் பொடிந்தால் செத்தது. பெர்முடாவுக்கு மண்ணுக்கடியிலும் தண்டு ஓடுவதால் மேலே காய்ந்த இடமும் பெரும்பாலும் திரும்பத் துளிர்க்கும்.

தண்ணீர் அறவே கிடைக்காமல் போனால் பச்சையை மறந்துவிட்டு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 12 மி.மீ. மட்டும் கொடுங்கள். அடிப்பகுதி உயிரோடு இருக்கும். அந்த நாட்களில் வெட்ட வேண்டாம், மேலே நடக்கவும் வேண்டாம்.