படிப்பகம் நடத்துவது ‘கல்வி’யில் சேராதா?

ஓட்டுவீட்டுக்காரன்:
அப்பா போன பிறகு கும்பகோணம் பக்கம் எங்கள் ஓட்டு வீட்டின் திண்ணையையும் முன்கூடத்தையும் படிப்பகமாக்கினேன். அவருடைய இரண்டு பீரோ புத்தகங்கள், தினம் மூன்று பேப்பர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்கு. இதுவரை என் பென்ஷனில் ஓடியது. இப்போது நன்கொடை தர ஆள் இருக்கிறது, அறக்கட்டளையாக்கி 12ஏபி (அறக்கட்டளைக்கான வரிவிலக்குப் பதிவு), 80ஜி (நன்கொடை தருபவருக்கான வரிச்சலுகை) வாங்கலாம் என்று போனேன். பத்திர நகலில் ‘கல்வி வளர்ச்சி’ என்ற வார்த்தையைப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு, "பேப்பர் படிக்கிறதெல்லாம் கல்வி ஆகாது சார்" என்கிறார் ஆடிட்டர். முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவனிடம் சொல்கிற பேச்சா இது?

வரிக்குதிரை:
கோபம் நியாயம்தான் சார், ஆனால் ஆடிட்டர் சொன்னது சரி. 1961 வருமானவரிச் சட்டம் 2(15)-இல் தர்ம காரியம் என்றால் ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம், கடைசியாகப் பொதுப்பயன் (மற்ற இனங்களில் சேராத பொது நன்மைக் காரியங்கள்) என்று தனித்தனி இனங்கள். கன்னட நாளிதழ் நடத்திய லோக சிக்ஷண டிரஸ்ட் இதே வாதத்தோடுதான் உச்ச நீதிமன்றம் போனது. 1975-இல் தோற்றது. புது விஷயம் தெரிந்துகொள்வதெல்லாம் கல்வி என்றால் ஊர் சுற்றுவதும் கல்விதான். பர்ஸை அடித்துக்கொண்டு போகிற திருடன்கூட நமக்குப் பாடம் சொல்லித்தான் போகிறான் என்கிற மாதிரி எழுதினார் நீதிபதி கன்னா. (வரி வழக்குத் தீர்ப்பில் இப்படிச் சிரிக்க வாய்ப்பது அபூர்வம்.) சட்டத்துக்குக் கல்வி என்றால் முறையாகச் சொல்லிக்கொடுப்பது, பள்ளிக்கூடம் மாதிரி. 2022 அக்டோபர் 19-இல் நியூ நோபல் என்ற கல்விச் சங்கத்தின் வழக்கிலும் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அந்த அர்த்தத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

ஓட்டுவீட்டுக்காரன்:
அப்படியானால் என் கணக்கு வகுப்பு?

வரிக்குதிரை:
பாடத்திட்டம், வருகைப் பதிவேடு எல்லாம் இருந்தால் வாதாடிப் பார்க்கலாம். அதை மட்டும் நம்ப வேண்டாம். வருகிறவர்கள் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் என்றால் ‘ஏழைகளுக்கு உதவி’யிலும் இடம் உண்டு.

காவிரிக்கரை அக்கா:
அண்ணா, படிப்பகத்தைப் பொதுப்பயனில் போடுங்கள். எங்கள் ஊர் நூலகத்துக்கு அப்படித்தான் செய்தோம். ஒன்று மட்டும் கவனம்: பொதுப்பயன் என்று போனால், வியாபார வரவு அந்த வருட மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழைய புத்தகம் விற்கிற யோசனை இருக்கிறதா?

ஓட்டுவீட்டுக்காரன்:
புத்தகம் விற்கிறதா? இரவல் போனதே திரும்பி வருவதில்லை அம்மா. நல்லவேளை, இன்னும் முத்திரைத்தாள் வாங்கவில்லை. கல்வி, ஏழைகளுக்கு உதவி, பொதுப்பயன் மூன்றையும் பத்திரத்தில் தனித்தனி வாக்கியமாக எழுதச் சொல்லிவிட்டேன். ஆடிட்டர் அந்த வட்டத்தை ரப்பரால் அழித்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்.