கியோட்டோவில் முதல் வாரம், எதில் தொடங்குவது?

கேள்வி:
பரிமாற்ற மாணவியாக ஓராண்டுக்கு ஜப்பான் வந்திருக்கிறேன். விடுதிக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. எந்த வேலையை முதலில் முடிக்க வேண்டும்? வகுப்பில் பேசவும் வாய் வரவில்லை.

பதில் 1:
வார்டு அலுவலகம்தான் முதலில். குடியேறிய 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும், தங்கல் அட்டையை (வெளிநாட்டவருக்கான அடையாள அட்டை) மறக்காதீர்கள். தேசிய மருத்துவக் காப்பீட்டையும் அங்கேயே முடித்துவிடுங்கள். அப்புறம் மருத்துவரிடம் போனால் பொதுவாக 30 சதவீதம் கட்டினால் போதும்.

பதில் 2:
பேச்சுக்கு, ‘சாகுரு’ எனும் மாணவர் குழு ஒன்றில் சேருங்கள். நான் மலையேற்றக் குழுவில் சேர்ந்தேன். இரண்டு வாரம் வெறும் தலையாட்டல்தான். தாய்மொன்ஜி மலையில் மூத்த மாணவி ஒருவர் தன் ஒனிகிரி எனும் சோற்று உருண்டையில் பாதியைப் பிட்டுத் தந்தார். இறங்கும்போது பேசிக்கொண்டே வந்தோம்.

கேட்டவர்:
சரி, நாளைக் காலையே வார்டு அலுவலகம் போகிறேன். மிக்க நன்றி.