ரூத்தை நேரில் பார்த்தவங்க இருக்கீங்களா?

ராணிப்பேட்டையிலிருந்து:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க சபை பெண்கள் கூட்டத்துல இந்த மாசம் வேதாகமத்துல ரூத் புஸ்தகம் படிக்கிறோம். நாலே அதிகாரம். நாலுலயும் கர்த்தர் நேரா ஒரு வார்த்தை பேசல, தேவதூதனும் வரல. யோசேப்புக்காவது சொப்பனம் வந்துச்சு, ரூத்துக்கு அதுவும் இல்ல. பஞ்சம் பிழைக்க மோவாபுக்குப் போன குடும்பத்துல அப்பா எலிமெலேக்கும் ரெண்டு மகன்களும் செத்துப்போறாங்க. ஏன்னு கடைசிவரைக்கும் யாரும் சொல்லல.

மாமியார் நகோமியோட பெத்லகேமுக்கு வந்த மருமக ரூத், வாற்கோதுமை அறுக்கிற வயல்ல சிந்தினதைப் பொறுக்கப் போறா. நம்ம பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கின கொல்லையில மண்ணுல தங்கின காயைப் பொறுக்கப் போவாங்களே, அப்படி. போன இடம் போவாஸோட வயலா இருந்துச்சு. அவ தேடிப் போகல. போவாஸ் அவளைக் கட்டிக்கிட்டான். அந்த வழியில மகன் ஓபேத், அப்புறம் ஈசாய், தாவீது ராஜா. நகோமி கண்டது மடியில கிடந்த பேரனை மட்டும்தான்.

எங்க தெருவுல ஒரு மருமக இருக்கா. புருஷன் போயிட்டான், பிள்ளை இல்லை. அம்மா வீட்டுல கூப்பிட்டாங்க, போகல. ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போய் மாமியாரை வெச்சுப் பார்த்துக்கிறா. துக்கம் விசாரிக்க வந்த ஒருத்தர் "இதுலயும் கர்த்தருக்கு ஒரு திட்டம் இருக்கும்மா"ன்னாரு. மாமியாரம்மா நிமிர்ந்து, "அந்தத் திட்டத்தை என் பிள்ளையை வெச்சுத்தான் போடணுமா?"ன்னு கேட்டாங்க. யாரும் மூச்சு விடல. நகோமியும் ஊர்ப் பொண்ணுங்ககிட்ட இதைவிடக் கசப்பாத்தான் பேசுறா, வேதம் அவளை அதட்டல.

இப்படி யாரையாவது பார்த்திருந்தா எழுதுங்க.

தோட்டப்பாளையத்திலிருந்து:

நான் சர்ச்சுக்குப் போறவன் இல்லீங்க, விபூதி பூசுறவன். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு ரூம் விடுறேன். பாதிப்பேர் வங்காளம், ஜார்க்கண்ட் பக்கம். காட்பாடியில இறங்கி, பெட்டியோட ஸ்டவ்வும் தூக்கிட்டு வருவாங்க, மாசக்கணக்கா தங்குவாங்க. அப்படி வந்த ஒரு பொண்ணு, கூட ஒரு வயசானம்மா. தலை பின்னி விடுறதும், குழந்தைக்கு மாதிரி ஊட்டுறதும் பார்த்து, அம்மாவான்னு எனக்குத் தெரிஞ்ச இந்தியில கேட்டேன். மாமியார்னு சொல்லுச்சு. புருஷன்? கையை விரிச்சுது, அவ்ளோதான். மேல கேக்க எனக்கு மனசு வரல.

அந்தம்மா பிழைக்கலீங்க. ஊருக்குக் கிளம்புறப்ப வாடகை பாக்கி இருந்துச்சு, நான் வாங்கல. இதைத் தெய்வச் செயல்னு யாராவது எழுதிடாதீங்க. என் வீட்டுக்காரி வாங்க விடல, அதுதான் உண்மை.

குடியாத்தத்திலிருந்து, ஓய்வுபெற்ற டீச்சர்:

ராணிப்பேட்டை அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சி.எம்.சி.யைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் பிறந்தது உங்கள் ஊரில்தான், 1870இல். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவத்தில் திணறிக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் அப்பா டாக்டர், ஆனால் ஆண் வைத்தியர் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மிஷனரி வேலையே வேண்டாம் என்றிருந்த ஐடா மருத்துவம் படித்துவிட்டு 1900இல் வேலூருக்கு வந்தார். வந்த வருஷமே அப்பா இறந்துவிட்டார். 1902இல் ஆஸ்பத்திரி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆண் மாணவர்களைச் சேர்த்தது 1947இல்தான்.

இதைக் கேட்காத கன்வென்ஷன் உண்டா நம் பக்கம்? ஆனால் அந்த மூன்று பெண்கள் செத்ததே ஆஸ்பத்திரி வருவதற்காகத்தான் என்பதுபோலப் பிரசங்கம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒட்டவே ஒட்டாது. அந்த மூவரின் பெயரைக்கூட எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. அங்கே மூன்று பெண்கள், ரூத்தில் மூன்று ஆண்கள். அந்தச் சாவுகளுக்கு வேதம் காரணம் சொல்லவில்லை, நாம் எதற்குச் சொல்ல வேண்டும்? மிச்சம் இருந்தவர்களைக் கொண்டு தேவன் என்ன செய்தார் என்பதை மட்டும் நான் நம்புகிறேன். என் வீட்டுக்காரர் இறந்தபோது பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா ஒன்றும் பேசாமல் மூன்று வேளையும் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். எனக்குக் கிடைத்த பதில் அதுதான்.

வாணியம்பாடியிலிருந்து:

டீச்சரம்மா சொன்னது சரி. நகோமியோட இன்னொரு மருமக, தன் ஊருக்கே திரும்பிப் போன ஓர்பாளுக்காக நான் ரெண்டு வார்த்தை பேசலாமா? ரூத்தைப் புகழ்றப்பல்லாம் அவளைத் திட்டுறாங்க. அவளும் சத்தம் போட்டு அழுதா, மாமியாரை முத்தம் பண்ணா, திரும்பிப் போன்னு நகோமியே திரும்பத் திரும்பச் சொன்னதுக்கு அப்புறம்தான் போனா.

எங்க அக்கா ஓர்பாள்தான். மாமா ஆக்சிடென்ட்ல போனதும் எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. மறு கல்யாணப் பேச்சை எடுத்ததே பழைய மாமியார்தான். "நான் எத்தினி நாளைக்கு இருப்பேன், இவளை ஒருத்தன் கையில குடுத்துட்டா நிம்மதி"ன்னு சபை ஐயர்கிட்டப் போய் அவங்களே பேசினாங்க. கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு வீட்டுப் பக்கம் முதல் வரிசையில உட்கார்ந்திருந்தாங்க. மாப்பிள்ளை வீட்டுல ரெண்டு பேர் முகம் சுளிச்சாங்க, அக்கா கண்டுக்கல.

இப்ப அக்காவுக்கு ரெண்டு பிள்ளைங்க. லீவு விட்டா அந்த ஆயா வீட்டுக்குத்தான் ஓடுதுங்க. எங்க அம்மாவுக்கு அதுல கொஞ்சம் பொறாமைகூட உண்டு.