லினக்ஸ் மிண்ட் இன்ஸ்டால்: விண்டோஸ் கூட சேர்த்து போடுற ஆப்ஷனே வரல, உதவி வேணும்

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்ல இருக்குறது பழைய லேப்டாப், ஐ3 அஞ்சாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு, 11 இந்த ப்ராசஸருக்கு ஏறாதுன்னு அதுவே சொல்லுது, அதான் விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மிண்ட் 22ஐ, சின்னமன் டெஸ்க்டாப் இருக்குற எடிஷனா இறக்கி, ரூஃபஸ்ங்குற சாஃப்ட்வேர்ல இன்ஸ்டால் பென்டிரைவ் பண்ணி பூட் பண்ணேன். டெஸ்க்டாப் நல்லா வருது ஆனா இன்ஸ்டால் போனா "டிஸ்க்கை அழிச்சிட்டு போடு", "வேற ஏதாவது" ரெண்டு தான் காட்டுது. வீட்டம்மாவோட தையல் கடை கணக்கு, பாப்பா போட்டோ எல்லாம் டி டிரைவ்ல இருக்கு, சி மட்டும் அழியும்னா பரவால்ல, அழுத்தலாமா? அப்புறம் இதுக்கு மிண்ட் சரியா, உபுண்டு, டெபியன்னு வேற லினக்ஸ் ஏதாவது போடணுமா?

பதில் 1:
ப்ரோ அழுத்திராதீங்க!! டிஸ்க்கை அழின்னா சி, டி ரெண்டும் சேர்ந்து போயிடும், ரெண்டும் ஒரே டிஸ்க்கோட பார்ட்டிஷன் (பிரிவு) தான். முதல்ல டி டிரைவ் முழுசையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி பண்ணி, அதுல நாலு போட்டோ திறந்து பாத்துட்டு மத்த வேலை.

ஆப்ஷன் வராததுக்கு பெரும்பாலும் பூட் மோட் (கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகுற முறை) தான் காரணம். விண்டோஸ்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து பயாஸ் மோட்னு இருக்குற வரியை பாருங்க. அங்க யூஈஎஃப்ஐன்னு (புது முறை) இருந்து பென்டிரைவ் லெகசில (பழைய முறை) பூட் ஆச்சுன்னா ரெண்டும் ஒத்துப்போகாது. பூட் மெனுவுல ஒரே பென்டிரைவ் ரெண்டு தடவ வரும், பேருக்கு முன்னாடி யூஈஎஃப்ஐன்னு போட்டிருக்குறத எடுங்க. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் ஆஃப் பண்ணிருங்க, அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணாலும் விண்டோஸ் பாதி தூக்கத்துல தான் இருக்கும், மிண்ட்ல இருந்து டி டிரைவ்ல எதுவும் எழுத விடாது.

பதில் 2:
எதை போடுறதுன்னு கேட்டதுக்கு: மிண்டே போடுங்க, ஆனா 4 ஜிபிக்கு சின்னமன் வேணாம், லேசான டெஸ்க்டாப் இருக்குற எக்ஸ்எஃப்சிஈ எடிஷன் எடுங்க. உபுண்டுவோட க்னோம் டெஸ்க்டாப் இந்த ராம்ல மூச்சு வாங்கும். டெபியன் எனக்கு ரொம்ப பிடிக்கும், 12ல இருந்து வைஃபை ஃபர்ம்வேர் (கார்டு வேலை செய்ய வேண்டிய ஃபைல்) இன்ஸ்டாலர்லயே வருது, இருந்தாலும் முதல் தடவ போடுறவங்களுக்கு மிண்ட்ல டிரைவர் மேனேஜர், அப்டேட் மேனேஜர் எல்லாம் கைக்கு எட்டுற இடத்துல இருக்கும். மிண்ட் 22 உபுண்டு 24.04 மேல கட்டினது, 2029 வரை அப்டேட் உண்டு. கையில காசு இருந்தா ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி போடுங்க, எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) போட்டாலும் அவ்ளோ வேகம் கிடைக்காது, இத நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி சார். டி டிரைவ் காப்பி எடுத்தாச்சு. பயாஸ் மோட் யூஈஎஃப்ஐ தான், எஃப்12 அழுத்துனா நீங்க சொன்ன மாதிரியே பென்டிரைவ் ரெண்டு தடவ வந்துச்சு, எக்ஸ்எஃப்சிஈ ஏத்தி யூஈஎஃப்ஐ போட்டத எடுத்ததும் விண்டோஸ் கூட சேர்த்து போடுற ஆப்ஷன் வந்துருச்சு. மிண்டுக்கு 100 ஜிபி குடுத்தேன், இப்ப ரெண்டுமே பூட் ஆகுது. ஆனா வைஃபை லிஸ்ட்டே வரல, உள்ள பிராட்காம் கார்டு இருக்கு.

பதில் 1:
பிராட்காம்னா டிரைவர் தனியா போடணும். போனை கேபிள்ல மாட்டி யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, நெட் வந்துரும், அப்புறம் டிரைவர் மேனேஜர் திறந்தா பிராட்காம் காட்டும், டிக் பண்ணி அப்ளை. செக்யூர் பூட் (அனுமதி இல்லாத சாஃப்ட்வேர பூட்ல லோட் ஆக விடாத பாதுகாப்பு) ஆன்ல இருந்தா நடுவுல ஒரு பாஸ்வேர்ட் வைக்க சொல்லும், அத எழுதி வச்சுக்கோங்க, ரீஸ்டார்ட்ல நீல ஸ்க்ரீன் வரும், பயப்படாம என்ரோல்ன்னு இருக்குறத எடுத்து அதே பாஸ்வேர்ட போடணும். அத தாண்டி விட்டா டிரைவர் லோட் ஆகாது.

கேட்டவர்:
வந்துருச்சு சார்!! நீல ஸ்க்ரீன்ல என்ரோல் குடுத்து உள்ள போனதுமே எங்க வீட்டு வைஃபை பேர் லிஸ்ட்ல வந்து நிக்குது. வீட்டம்மா தமிழ்99 கீபோர்டுல தான் அடிப்பாங்க, அது கிடைக்குமா?

பதில் 2:
கிடைக்கும். சாஃப்ட்வேர் மேனேஜர்ல ஐபஸ், ஐபஸ் எம்17என்னு மத்த மொழில டைப் பண்ண உதவுற ரெண்டையும் போட்டு, இன்புட் மெத்தட்ல ஐபஸ் தேர்வு பண்ணி லாகவுட் ஆகி உள்ள வாங்க. ஐபஸ் செட்டிங்ஸ்ல தமிழ்னு தேடுனா தமிழ்99 இருக்கும், சேத்துக்கோங்க.